மூன்றாவது சீட்டு

என்னை விதை என்று சொன்னவர்கள் சென்னையிலிருந்து வந்தவர்கள். அப்போது எனக்கு வயது அறுபத்து மூன்று. முளைக்கிற வயசா இது என்று கேட்டேன்.

"ஆய்வுல முதல் ஆளுக்கு அப்படித்தானுங்கய்யா பேரு," என்றான் ஜாஹித். காதர்பேட்டையில் பனியன் மொத்த வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பையன். படித்துவிட்டு, கடையில் உட்காராமல் இந்த வேலைக்கு வந்திருந்தான்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம். திருப்பூரில் ஒரு நூல் கடையின் மாடியில் அறை பிடித்திருந்தார்கள். எய்ட்ஸ் கிருமி பரவாமல் தடுக்க என்ன வழி என்று ஆராய்ச்சி. அதற்கு, ஆண்களோடு பழக்கம் வைத்திருக்கிற ஆண்கள் வேண்டும். அவர்களுக்கென்று தனி ஓட்டர் லிஸ்ட் கிடையாது. கதவைத் தட்டிக் கேட்டால் எவனும் ஆமாம் என்று சொல்லமாட்டான். அதனால் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். விதைக்கு மூன்று சீட்டு. அவன் தனக்குத் தெரிந்த, தன்னைப் போன்ற மூன்று பேருக்குக் கொடுப்பான். அவர்கள் வந்து கேள்விக்குப் பதில் சொல்லி, ரத்தம் கொடுத்துவிட்டு, ஆளுக்கு மூன்று சீட்டு வாங்கிப் போவார்கள். இப்படியே ஆறேழு சுற்று. சீட்டில் அந்த மாடி அட்ரஸும் நம்பரும்தான் இருக்கும், ஆள் பேர் கிடையாது.

நான் அப்படிப்பட்டவன்தான். ஊரில் என்னைப் புளுகன் என்று எல்லோருக்கும் தெரியும். எந்தப் பொய்யை மறைக்க மற்ற பொய்களையெல்லாம் சொன்னேன் என்பது யாருக்கும் தெரியாது. நாற்பது வருஷமாக அயர்ன் மாஸ்டர் வேலை. நான் தேய்த்த காலரில், சரக்கு வாங்க வந்த வெள்ளைக்கார பையர் ஒருவர் விரலை வெட்டிக்கொண்டு மூன்று தையல் போட்டதும், அதற்கு நஷ்டஈடு கேட்டு எனக்கு நோட்டீஸ் வந்ததும் திருப்பூரில் பாதிப் பேருக்குத் தெரிந்த விஷயம். நானே சொன்னதுதான்.

கேள்வித்தாளில் முப்பத்திரண்டாவது கேள்வி: உங்கள் பழக்கம் மனைவிக்குத் தெரியுமா? "செத்துப் பதினோரு வருசமாச்சு தம்பி. இப்பத் தெரிஞ்சிருக்கும்," என்றேன். ஜாஹித் எதையும் எழுதாமல் அடுத்த கேள்விக்குப் போனான். ரத்தப் பரிசோதனையில் எனக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. அறுபத்து மூன்று வருஷம் பொய் சொன்னவனின் ரத்தம் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

வந்து போனதற்குக் கைமாறாக, அனுப்பர்பாளையத்து எவர்சில்வர் கேரியரில் ஓர் அடுக்கு. என் சீட்டோடு வருகிற ஒவ்வோர் ஆளுக்கும் எனக்கு இன்னோர் அடுக்கு. மூன்றாவது ஆளும் வந்துவிட்டால் நாலாவது அடுக்கோடு மூடியும் பிடியும் சேர்த்துத் தருவார்கள்.

"ஒரு விசயமுங்கய்யா," என்றான் ஜாஹித். "நேர்ல பாத்து, கையில குடுக்கோணும். என்ன ஏதுன்னு சொல்லிட்டுக் குடுக்கோணும். வேண்டாம்னா விட்டரோணும்."

"அதுக்கென்ன தம்பி."

முதல் சீட்டு ஒரு புரோட்டா மாஸ்டருக்கு. இரண்டாவது, காங்கேயத்து எண்ணெய் மில்லிலிருந்து வாரம் ஒருமுறை வருகிற லோடுமேனுக்கு. இரண்டு பேரும் போனார்கள், அவர்கள் சீட்டுகளும் கிளை விட்டன. ஒரு மாதத்தில் என் கேரியர் மூன்று அடுக்கு ஏறிவிட்டது. மூடியில்லாத கேரியர் அலமாரியில் பல்லிளித்துக்கொண்டு நிற்பதை ஒரு மாதம் பார்த்தால் எப்பேர்ப்பட்டவனுக்கும் புத்தி கெட்டுப்போகும்.

மூன்றாவது சீட்டுக்கு என் மனசில் ஒரே ஆள்தான். ராமர்.

ராமருக்குப் பரமக்குடிப் பக்கம். கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற பட்டறையை எங்கள் ஊரில் பவர் டேபிள் என்போம்; செங்கோட்டையனின் பவர் டேபிளில் ஓவர்லாக் தைப்பவன். அங்கேதான் நானும் அயர்ன். அவன் சம்சாரம் நதியா அதே இடத்தில் கைமடி, தைக்கிறவர்களுக்குத் துணியை மடித்துக் கொடுக்கிற வேலை. எங்கள் லைன் வீட்டில் என் வீட்டுக்கு எதிர்வீடு. ஒருநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஆண்கள் ஆண்களைத் தேடி நிற்கிற இடத்தில் அவனைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். இருவரும் ஒரே சமயத்தில் டவுன் பஸ் போர்டைப் படிக்க ஆரம்பித்தோம். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசியதேயில்லை. என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுகிறவன். எப்படிக் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை லைன் வீட்டுத் துணிகளை நான்தான் தேய்த்துக் கொடுப்பேன். அவன் ஊதாக் கோடு போட்ட சட்டையைத் தேய்த்து மடித்தேன். சீட்டைப் பையில் வைத்து, பையின் மேல் இன்னொரு தடவை பெட்டியை ஓட்டினேன். வாயால் சொல்ல வேண்டியதைச் சட்டைப்பை சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பவர் டேபிளில் ஒவ்வொரு பண்டலிலும் ஒரு சீட்டு கட்டி வரும். தைத்து முடித்தவர் அதைக் கிழித்து வைத்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை அத்தனையையும் ஒரு தாளில் ஒட்டிக் கொடுத்தால்தான் சம்பளம். ராமருக்குச் சீட்டைப் பத்திரப்படுத்தவே தெரியாது. தலையணை உறை, சட்டைப்பை, செருப்புக்கடியில் என்று கிடக்கும். எல்லாவற்றையும் பொறுக்கிச் சோற்றுப் பருக்கையால் ஒட்டுவது நதியாவின் வேலை. அந்த வாரம் ஓடிய டி-சர்ட்டுக்குச் சீட்டு மஞ்சள். ஆய்வுக்காரர்களின் சீட்டும் மஞ்சள். அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள்தான். ஆனால் நூற்றுப்பத்துச் சீட்டை ஒட்டுகிறவர்கள் ஒவ்வொன்றையும் படிப்பதில்லை.

சனிக்கிழமை. மெஷின்களை நிறுத்தியிருந்தார்கள். நாற்பது பேர் சுற்றி நின்றோம். செங்கோட்டையன் நல்ல மனுஷன்தான், ஆனால் எதையும் சத்தமாகப் படிக்கிற வியாதி உண்டு.

"ராமரு. ஷோல்டர் பதினேழு, பதினெட்டு... கையி இருவத்திரெண்டு... இதென்னடா இது? நாப்பத்தி மூணுக்கு முன்னால இங்கிலீசு எழுத்து. 'இச்சீட்டைக் கொண்டு வருபவரின் விவரம் ரகசியமாக வைக்கப்படும்.' ஏண்டா, எந்தக் கம்பெனிக்கு ரகசியமாத் தெக்கற?"

எல்லோரும் சிரித்தார்கள். நதியாவும் சேர்ந்து சிரித்தாள். ராமர் சிரிக்கவில்லை.

"அட்ரஸ் வேற போட்டிருக்குது. நூல்கடை மாடி."

"அந்த மாடியா?" செக்கிங் டேபிளிலிருந்து ஒரு பெண் குரல். "அங்க ஒரு மாதிரியான ஆம்பளைங்கதான் போறாங்கன்னு பேசிக்கறாங்களே!"

சிரிப்பு நின்றது. ராமரின் முகம் வெளிறுவதை நாற்பது பேரும் பார்ப்பதற்கு இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது. அதற்குள் என் வாய் திறந்துகொண்டது.

"இப்படிக் குடுங்க செங்கோட்டையா, அது என்ற சீட்டு. நான்தான் பையன்கிட்டக் குடுத்தேன்."

"உங்குளுதுங்களா? என்னுங்ண்ணா இது?"

"வெளிய சொல்லக் கூடாதுங்க. ஜெர்மன் கம்பெனி. நம்மூர் ஆம்பளைக்கு மட்டும் பனியன் அக்குள்ள கிழியுதாம். ஏன்னு கண்டுபுடிக்க ஆளனுப்பியிருக்கறான். டவுன் பஸ்ல கம்பியப் புடிச்சுத் தொங்கித் தொங்கி நமக்கு ஒரு பக்கத்து நெஞ்சு அரை இஞ்சு நீண்டு போச்சாமா. அளவு எடுக்கறாங்க."

"அதுக்கெதுக்குங்ண்ணா ரகசியம்?"

"அளவு வெளிய போச்சுன்னா? ஆர்டரு பங்களாதேஷுக்குப் போயிராதா?"

செங்கோட்டையன் ஒரு கணம் யோசித்தான். பங்களாதேஷ் என்ற பேரைக் கேட்டால் திருப்பூரில் எவனும் ஒரு கணம் யோசிப்பான்.

"சும்மாவா அளவு குடுக்கறாங்க?"

"கேரியர் குடுக்கறாங்க. என்ற ஊட்ல மூணடுக்கு நிக்குது. வந்து பாருங்க."

அங்கேதான் தப்பு செய்தேன். அதுவரை சொன்ன பொய்யை அவர்கள் ரசித்துவிட்டு மறந்திருப்பார்கள். உள்ளே எவர்சில்வரை வைத்ததும் அது நிஜமாகிவிட்டது. சாயங்காலம் ஏழு பேர் என் வீட்டுக்கு வந்து கேரியரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் எங்கள் பவர் டேபிளின் ஆம்பளைகள் எல்லோரும் மாடிப்படியில் நின்றார்கள். பக்கத்துப் பவர் டேபிள் சேர்ந்து நாற்பத்தொரு பேர். அளவு சரியாக இருக்க வேண்டுமே என்று பாதிப்பேர் சட்டையைக் கழற்றியிருந்தார்கள். நூல் கடைக்காரர், எனக்கு வியாபாரம் நடக்கவேண்டாமா என்று சத்தம் போட்டு, இரண்டு நாளில் அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை ஜாஹித் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது போனேன்.

"கோவமில்லைங்கய்யா," என்றான். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்க ரெண்டு சீட்டு அறுவத்துநாலு பேரு வரைக்கும் போயிருந்துச்சுங்க. அதுல பதினோரு பேரு ரிசல்ட் வாங்க வரோணும். இனி அவங்க வரமாட்டாங்க. யாருன்னும் எங்களுக்குத் தெரியாது. நம்பருதான் தெரியும்."

போகும்போது நாலாவது அடுக்கையும், மூடியையும் பிடியையும் என் கையில் கொடுத்தான். "மூணாவது ஆளு வரலைன்னாலும் பரவால்லீங்க. இத வச்சுட்டு நாங்க என்ன பண்றது?"

வாங்கிக்கொண்டேன். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வாரம் முழுக்க ராமர் என்னிடம் மட்டுமல்ல, யாரிடமும் பேசவில்லை. மெஷினில் குனிந்தால் நிமிர்வதில்லை. வீட்டில் படுக்கையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறான் என்று தெரிந்தது. தெரியவந்தது நதியா வாயிலாகத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்போடு என் வாசலில் வந்து நின்றாள்.

"பெரியப்பா, ஒங்களுக்குப் புடிக்கும்ல. வாளைக் கருவாடு. ஊர்லேர்ந்து அம்மா குடுத்துவிட்டுச்சு."

"உனக்கு இந்த நேரத்துல கருவாட்டு வாசம் ஆகுதா கண்ணு?" அவளுக்கு மூன்று மாதம்.

"எல்லாம் ஆகுது. அவுகளுக்குத்தான் எதுவும் ஆகல. தட்டத் தள்ளிவிட்டுட்டு எந்திரிச்சிர்றாக." கிண்ணத்தைக் கீழே வைத்தவள் போகவில்லை. "எல்லாம் என்னாலதான் பெரியப்பா."

"உன்னாலயா?"

"நாந்தான அந்தச் சீட்ட ஒட்டுனது? ஒரு தரம் படிச்சுப் பாத்துருக்கலாம்ல? பாத்துருந்தா ஒங்க ஜெர்மன்காரன் வெவகாரம் வெளிய போயிருக்காது. நாப்பது பேரு முன்னாடி அவுக தலகுனிஞ்சு நின்னாக. அந்தக் கோவம். பக்கத்துல வந்தாலே நகந்துக்கிறாக. தொட விடமாட்டேங்கிறாக. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க பெரியப்பா. நா வேணும்னா கால்ல விழுந்துடுறேன்."

நாற்பது வருஷத்தில் எத்தனையோ பேர் என் பொய்யை நம்பியிருக்கிறார்கள். நம்பியதற்காக மன்னிப்புக் கேட்க வந்தவள் அவள் ஒருத்திதான்.

"நீ ஒரு தப்பும் பண்ணலை அம்மிணி," என்றேன். அது பொய்யில்லாததால் என் வாயில் சரியாக வரவில்லை. அவள் நம்பாமல் போய்விட்டாள்.

அன்றைக்குத் தண்ணீர் வருகிற நாள். எட்டு நாளைக்கு ஒருமுறை வரும். தெருக்குழாயில் குடங்கள் ஒரு பர்லாங்கு வரிசையில் நின்றன. ராமர் தன் நாலு குடங்களுக்குப் பக்கத்தில் குத்தவைத்திருந்தான். போய் உட்கார்ந்தேன். முகத்தைத் திருப்பவில்லை.

"சட்டையில நீங்கதான வச்சீக?"

"ஆமா."

"கேட்டுருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

"இல்லன்னுருப்பேன்." ஒரு குடத்தை முன்னால் நகர்த்தினான். "மறுநா நானே வந்து ஒங்ககிட்ட வாங்கியிருப்பேன். அந்த ஒரு நாள நீங்க எனக்குக் குடுக்கல."

குழாயடியில் இரண்டு பெண்கள் குடத்துக்காகச் சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சத்தத்துக்குள் அவன் மெதுவாகச் சொன்னான்:

"திங்கக்கெழம நானும் போனேன் பெரியப்பா. சீட்டு இல்லாட்டியும் பரவால்ல, சொல்லிக் கேப்போம்னு அரநாள் லீவு போட்டுட்டுப் போனேன். படியில செங்கோட்டையன் சட்டையத் தோள்ல போட்டுக்கிட்டு நெஞ்ச விரிச்சு நிக்கிறாரு. என்னப் பாத்ததும், 'வாடா ராமரு, உன்ற சீட்டுதானடா எங்களுக்கே வழி காட்டுச்சு, நீ முன்னால வா'ங்கிறாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டேன். அவன் பார்த்தான்.

"ரெண்டு மாசமா காய்ச்ச வந்து வந்து போகுது. அவ மாசமா இருக்கா. எனக்குத் தெரிஞ்சாகணும்."

"இங்க அரசாங்க ஆஸ்பத்திரியிலயே பாக்கறாங்க கண்ணு."

"அங்க எங்க ஊர்க்காரன் வேல பாக்குறான். ஒரு மணி நேரத்துல பரமக்குடிக்குப் போயிரும்."

"அப்ப உடுமலைக்குப் போலாம். நானும் வாரேன்."

நதியாவிடம் என்ன சொல்வது? அதற்குத்தான் நான் இருக்கிறேனே. கொமரலிங்கத்தில் என் ஒறம்பரை வீட்டில் நெல்லறுப்பு, புது அரிசி தருகிறார்கள், மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அவர் வெளியே போய்வந்தாலே சரியாகிவிடும் என்றாள். இட்லி கட்டிக் கொடுத்தாள்.

பல்லடம் தாண்டித் தென்னந்தோப்புகள் வரும்வரை ராமர் ஜன்னலோரம் கண்ணை மூடியிருந்தான். ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறை, வாசலில் பச்சைத் திரை. ஆலோசனை சொல்கிற அம்மாவுக்கு ஞானாம்பாள் என்று பேர். என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்றார். "பெரியப்பன்," என்றேன். "அப்படின்னா வெளிய உக்காருங்க. இது அவருகிட்ட மட்டும் பேசற விசயம்." ஆளிடம் நேராகப் பேச வேண்டும் என்றுதானே ஜாஹித்தும் சொன்னான் என்று நினைத்துக்கொண்டேன்.

ரத்தம் எடுத்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து, மறுபடி உள்ளே போனான். இட்லிப் பொட்டலம் என் மடியிலேயே இருந்தது. வெளியே வந்தவன் என்னைத் தாண்டிப் போய் வேப்பமரத்தடியில் நின்றான்.

"இருக்காம்."

நான் அவன் தோளில் கையை வைத்தேன். எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன்.

"மருந்து இருக்குன்னாக. சாகவேண்டியதில்லன்னாக. அவளுக்கு இல்லாமக்கூட இருக்கலாமாம். இருந்தாலும், பிரசவ நேரத்துல மாத்திர குடுத்தா பிள்ளையக் காப்பாத்தலாமாம். ஆனா அவள இந்த வாரமே கூட்டிட்டு வரணுமாம்."

"கூட்டிட்டு வந்துரலாம்."

"எப்படிச் சொல்ல?" என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க சொல்லுங்க பெரியப்பா. நீங்க சொன்னா ஊரே நம்புது. நாப்பத்தொரு பேரு சட்டையக் கழட்டுனானுக. ஒருத்திகிட்டச் சொல்ல முடியாதா?"

"நான் சொன்னா அது கதையாப் போயிருங் கண்ணு. நீதான் சொல்லோணும்."

பஸ்ஸில் வரும்போது அவன் வாய் அசைந்துகொண்டே வந்தது. பள்ளிக்கூடத்துப் பையன் பாடம் ஒப்பிப்பதுபோல, வார்த்தைகளை அடுக்கி அடுக்கிக் கலைத்தான்.

வீட்டு வாசலில், "நீங்களும் உள்ள வாங்க. பேச வேண்டாம். நின்னாப் போதும்," என்று என் கையைப் பிடித்தான். நான் போயிருக்கக் கூடாது.

நதியா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "வந்துட்டீகளா? எங்க அரிசி?"

"கொமரலிங்கம் போகல நதியா." அவன் நின்றபடியே, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னான். "ஒடுமல ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் ரத்தத்துல எய்ட்ஸ் கிருமி இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே எனக்கு ஆம்பளைங்களோட பழக்கம் உண்டு. ஒனக்கும் பாக்கணும். பிள்ளைக்கு மருந்து இருக்கு. அந்தச் சீட்டு ஜெர்மன்காரன் சீட்டு இல்ல, இதுக்குத்தான்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். நதியா அவனைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

எனக்கு ஒரு பழக்கம். என்ன புளுகினாலும் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது. பங்களாதேஷ் கதை சொன்னபோது எந்த முகத்தோடு நின்றேனோ, அதே முகத்தோடுதான் அப்போதும் நின்றிருப்பேன். எனக்கு வேறு முகம் கிடையாது.

அவள் பார்த்தாள். கண் விரிந்தது. உதடு துடித்தது. அப்புறம் கீரையைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஐயோ பெரியப்பா! இவுகளுக்கும் சொல்லிக் குடுத்துட்டீகளா! ஆத்தாடி, மொகத்தப் பாரு மொகத்த! நா ஒரு நிமிசம் நெசம்னு..." சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு வாரமாகச் சிரிக்காத சிரிப்பெல்லாம் வந்தது. புருஷனுக்குக் கோபம் போய்விட்டது, விளையாடுகிறான் என்ற சந்தோஷம். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மறுபடி எங்களைப் பார்த்தாள். ராமர் காலண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பெரியப்பா?" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"நான் வெளிய போறங் கண்ணு," என்றேன். "நான் இங்க நின்னா அவஞ் சொல்றது உனக்குக் கேக்காது."

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே ராமர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தான்.

பக்கத்து வீட்டுக் காளியாத்தாள் இடுப்பில் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். மூடிய கதவையும் என்னையும் பார்த்தாள்.

"ஏனுங்ண்ணா, அந்தப் புள்ளையோட சிரிப்பு தெருமுனைக்குக் கேட்டுச்சு? என்ன கதை சொன்னீங்க? எனக்குஞ் சித்தெ சொல்லுங்க."

"கதையெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்றேன்.

எப்போதும் நான் அப்படித்தான் ஆரம்பிப்பேன். அதனால் அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, காத்து நின்றாள்.